படலையால் அளந்த தூரம்

எங்கள் வீட்டுத்திட்டத்துக்கு ஒரு சங்கம் உண்டு. வீடு கட்டித் தந்தவர்கள் புறப்படுவதற்கு முன் ஒரு பின்னேரம் எல்லோரையும் மாமரத்துக்குக் கீழே இருத்தி, கைதட்ட வைத்து, அதை உருவாக்கிவிட்டுப் போனார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், பெண்கள் சார்பில் ஒருவர். வீடுகளில் வெடிப்பு விழுந்துவிட்டது. சங்கத்தில் மட்டும் ஒரு கீறலும் விழவில்லை. அன்று தலைவரானவர்தான் இன்றும் தலைவர். அந்த வேலையை வேறு யாரும் கேட்டதில்லை.

சங்கத்துக்கு ஒரு பெருமை இருந்தது. எங்கள் ஒழுங்கைகளிலிருந்து ஒரு பிரச்சினைகூடப் பொலிசுக்குப் போனதில்லையாம். மாடு பயிரை மேய்ந்தாலும், பாட்டுப்பெட்டி அலறினாலும், குடித்துவிட்டு ஒருவன் இன்னொருவனின் வாசல் படலையை உதைத்தாலும் சங்கம் வந்து பேசி முடித்துவிடும். தலைவர் இதைச் சொல்லாத கூட்டம் இல்லை. பொலிசுக்குப் போகவில்லை என்பது உண்மைதான். தீர்ந்ததா என்று மட்டும் அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

முறைப்பாடு சொன்னவரின் வளவில்தான் விசாரணை நடக்கும். கதிரை இரவல் வாங்கிப் போடுவதும் தேத்தண்ணி ஊற்றுவதும் அவர் பொறுப்பு. அக்கம்பக்கத்தார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்கள். இந்தச் சீரழிவுக்குப் பயந்தே பலபேர் மாட்டை மேயவிட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். நானும் அப்படி இருந்தவள்தான், என் கிணற்றுக்கு வினை வரும்வரை.

நெடுங்கேணிப் பக்கம் போகும் வீதியிலிருந்து பிரியும் கடைசி ஒழுங்கையில் எங்கள் வீடு. என் அப்பா மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து இந்தப் பக்கத்துக் காட்டை வெட்டியவர். நான் இங்கே பிறந்து, இங்கே நாற்று நட்டு வளர்ந்தவள். முன் ஒழுங்கைகளில் இருப்பவர்கள் அநேகமாக யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் குடியேற்றத்தில் காணி கிடைத்து வந்தவர்களின் பிள்ளைகள். காணியைச் சீட்டுக் குலுக்கித்தான் பிரித்தோம் என்றார்கள். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் கடைசி ஒழுங்கையே விழுந்தது. அந்தச் சீட்டுகளுக்கும் ஆள் தெரிந்திருக்கிறது.

ஆனால் நல்ல தண்ணீர் எங்களுக்குத்தான் வாய்த்தது. இந்தப் பக்கத்துக் கிணறுகளில் அநேகமாகக் கல்லுத்தண்ணி. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும். அதைக் குடித்தால் சிறுநீரகம் பழுதாகும் என்று ஆஸ்பத்திரியில் வெருட்டுவார்கள். நானும் என் கணவரும் ஒரு கோடை முழுக்க முதுகு ஒடிய வெட்டிய கிணற்றில் மட்டும் இளநீர் போல ஊறியது. பின்வளவு அக்கா தினமும் காலையில் வாளியோடு வந்துவிடுவா. அவவின் வளவும் எங்கள் வளவும் முதுகோடு முதுகு. அவவின் படலை அடுத்த ஒழுங்கையில் இருந்தது. நடுவில் தகரம் அடித்த வேலியில் ஆள் குனிந்து புகக்கூடிய ஒரு பொட்டு இருந்தது. அந்தப் பொட்டால்தான் அவவின் வாளி வரும், என் முருங்கைக்காய் போகும், ஊர்க்கதை எல்லாம் வந்து போகும். தன் கூடப்பிறந்தவள் போலத்தான் அவ என்னை நடத்தினா. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

அவவின் மகளுக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை பொருந்தியது. மாப்பிள்ளை வந்து நிற்பதற்கு வீட்டோடு சேர்த்து ஒரு மலசலகூடம் கட்டத் தொடங்கினார்கள். குழியை எங்கே வெட்டுவது என்று மனையடி சாத்திரம் பார்ப்பவரைக் கூட்டிவந்து கேட்டார்கள். அவர் வளவைச் சுற்றி வந்து வாயு மூலையைக் காட்டினார். அந்த மூலை எங்கள் வேலியோடு முட்டிக்கொண்டிருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் என் கிணறு. சாத்திரத்தில் அடுத்த வளவுக் கிணறு இல்லைப் போலும்.

நான் பொட்டடியில் நின்று கேட்டேன்.

“அக்கா, கிணறு பக்கத்தில இருக்கல்லோ? மாரிக்கு நிலத்தடித் தண்ணி ஏறினால் குழியும் கிணறும் ஒண்டாகிப் போகும். குழியைக் கொஞ்சம் அங்கால தள்ளி வெட்டச் சொல்லுங்கோவன்.”

“எனக்கு விளங்குது பிள்ளை. ஆனா சாத்திரியார் சொன்ன இடத்தை மாத்தி, நாளைக்கு மகளின்ர வாழ்க்கையில ஒண்டு நடந்தால் ஆர் பதில் சொல்லுறது?”

ஒரு தாயின் பயத்தோடு வாதாட முடியாது. குழி வெட்டி முடிந்தது. மூடிக்குச் சீமெந்து பூசிய கிழமையே பொட்டைத் தகரம் வைத்து அடைத்தார்கள். அக்காவின் வாளி நின்றுபோனது. லான்ட்மாஸ்டர் உழவியந்திரத்தில் வரும் நீலப் பிளாஸ்டிக் கான் தண்ணீரை அவ வாங்கத் தொடங்கினா. மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் மரியாதை என்று ஊருக்குச் சொன்னா. நாங்கள் மட்டும் இன்னும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தோம், பிள்ளைகளும்தான்.

மாரிக்கு முன் குழியை மாற்றவேண்டும். எனக்கு வேறு ஒன்றும் தேவையில்லை. சங்கத்திடம் போனேன்.

அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். முற்றம் கூட்டி, கதிரை பரப்பி, இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அக்காவும் கணவரும் ஒழுங்கையைச் சுற்றிக்கொண்டு வந்து மறுபக்கம் இருந்தார்கள். அவ என் முகத்தைப் பார்க்கவில்லை. கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பது அடி இடைவெளி வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. தலைவரும் அதைத்தான் சொன்னார்.

“அளந்தால் முடிஞ்சுது. அம்பது அடி இருந்தால் தங்கச்சி பேசாமல் இருக்கவேணும். இல்லாட்டில் அவை குழியை மாத்தவேணும்.”

எனக்கு உச்சி குளிர்ந்தது. வேலிக்குக் குறுக்கே பார்த்தால் சின்னப்பிள்ளைக்கும் விளங்கும் தூரம் அது. பெண்கள் சார்பில் வந்தவ நாடாவின் நுனியைக் கிணற்றுக்கட்டில் அழுத்திப் பிடித்தா. செயலாளர் நாடாவை இழுத்துக்கொண்டு வேலியை நோக்கிப் போவார் என்று பார்த்தேன். அவர் படலையை நோக்கிப் போனார்.

படலையால் வெளியே இறங்கி, எங்கள் ஒழுங்கையால் நடந்து, முடக்கால் திரும்பி, அடுத்த ஒழுங்கைக்குள் போய், அக்காவின் படலையால் உள்ளே புகுந்து, வீட்டைச் சுற்றிக் குழிக்குப் போனார்கள். நாடா முடியுமிடத்தில் தடியால் கோடு கீறி, மீண்டும் அங்கிருந்து பிடித்தார்கள். பின்னால் ஊர்ப் பெடியள் ஊர்வலமாகப் போனார்கள். திரும்பி வந்த செயலாளர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, ஐம்பது அடிக்கு எவ்வளவோ மேலே என்றார்.

நான் சிரித்துவிட்டேன். பகிடி விடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

“ஐயா, ஊத்தைத் தண்ணி மண்ணுக்குக் கீழால வாறது. அது படலையைத் திறந்து, ஒழுங்கையால சுத்தி, வீட்டுக்காரர் எண்டு கூப்பிட்டுக்கொண்டே வரப்போகுது? வேலிக்குக் குறுக்கால அளவுங்கோ.”

யாரோ வேலிக்கு வெளியே சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை.

“வேலியைப் பிரிச்சு அளந்தால் அது வேலிச் சண்டையாப் போகும் தங்கச்சி. பிறகு கோடு கச்சேரி, வழக்கு எண்டு அலையவேண்டி வரும். ஆள் நடந்து போற தூரம்தான் தூரம். மாட்டுப்பட்டிப் பிரச்சினைக்கும் இப்பிடித்தான் அளந்தனாங்கள்.”

மாடு படலையால்தான் வரும். அந்த விசாரணைக்கு அது சரியாக இருந்திருக்கலாம்.

“இதில பொட்டு ஒண்டு இருந்ததே ஐயா. அக்கா அதாலதானே தண்ணிக்கு வந்தவா.”

“இப்ப பொட்டு இல்லைத்தானே?”

பிறகு தலைவர் அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

“தண்ணியில ஏதும் பிழை இருக்கோ?”

அக்கா தரையைப் பார்த்தபடி சொன்னா.

“ஒரு பிழையும் இல்லை. அருமையான தண்ணி.”

பொருளாளர் எழும்பும்போது, என் காதில் விழட்டும் என்றே முணுமுணுத்தார்.

“உந்தக் கடைசி ஒழுங்கை ஆக்களுக்கு எப்பவும் ஏதாவது ஒரு முறைப்பாடுதான்.”

அவர்கள் போனபிறகு பார்த்தேன். தேத்தண்ணிக் கோப்பைகள் வைத்தபடியே ஆறிக் கிடந்தன. எங்கள் வீட்டில் அவர்களில் சிலர் முன்பும் வாய் நனைத்ததில்லை. ஆகையால் அன்று குழிக்குப் பயந்து குடிக்காமல் விட்டார்களா, எங்கள் வீடு என்பதற்காகக் குடிக்காமல் விட்டார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் மண்ணில் ஊற்றினேன்.

சுகாதாரப் பரிசோதகரிடம் போனேன். தன்மையான மனுசன். முதலில் அவர் கேட்டது, சங்கம் என்ன சொன்னது என்றுதான். தூரம் போதும் என்று சங்கம் அவருக்கும் அறிவித்திருந்தது. வேலைப்பளு குறைந்ததும் நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். அவர் வரவில்லை, நான் போன செய்தி மட்டும் எனக்கு முன்னே வீட்டுத்திட்டத்துக்கு வந்து சேர்ந்தது. அடுத்த கூட்டத்தில் குழியைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஊர்க் கதையை வெளியில் கொண்டுபோனவள் என்று என்னைப் பற்றித்தான் கதைத்தார்கள். கடையடியில் நின்று முகம் கொடுத்துக் கதைப்பவர்கள் குறைந்துபோனார்கள். நானும் கான் தண்ணீர் வாங்கத் தொடங்கினேன். காசு போவதைவிட, தண்ணீரை வைத்துக்கொண்டே தண்ணீர் வாங்குவதுதான் என்னைத் தின்றது.

கலியாணம் ஆவணியில். ஒருநாள் அக்கா வெற்றிலைத் தட்டத்தோடு ஒழுங்கையைச் சுற்றிக்கொண்டு வந்தா. தன் வளவுக்குள் பந்தல் போட்டால் சமையலுக்கு இடம் காணாதாம். வேலியைப் பிரித்து எங்கள் வளவில் அடுப்பு மூட்டலாமா என்று கேட்டா. எனக்கு வாய்க்குள் எத்தனையோ வந்தது. என் கணவர் முந்திக்கொண்டு ஓம் என்றுவிட்டார். ஒரு பெட்டையின் கலியாணத்தில் வஞ்சம் தீர்க்கக்கூடாது என்றார். அவர் சொன்னது சரி. அதனால் இன்னும் ஆத்திரம் வந்தது.

வேலியைப் பிரித்தார்கள். அளப்பதற்குப் பிரிக்க முடியாத அதே வேலி, அரை நாளில் கழன்று சுவரோடு சாய்ந்து கிடந்தது. கிணற்றுக்கட்டில் நின்று எட்டினால் குழியின் மூடியில் வெற்றிலை துப்பலாம் போலிருந்தது. தலைவர் பட்டுவேட்டியோடு அதன் வழியாகத்தான் வந்தார். மற்றவர்களும் வந்தார்கள். யாராவது ஒருவர் நின்று, இங்கேயும் அங்கேயும் பார்த்து, ஒரு நிமிடம் வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். எல்லோரும் பந்தலுக்குள் போய் இருந்தார்கள்.

சமையல்காரருக்கு எங்கள் கதை தெரியாது. கப்பியில் வாளியை இறக்கி அள்ளி, உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“கண்ணாடி மாதிரிக் கிடக்கு. உலைக்கு இதையே விடுவம்.”

கிடாரத்துக்கு மேலே வாளியைச் சரித்தபோது அக்கா கூறைச்சேலைத் தட்டத்தை யார் கையிலோ போட்டுவிட்டு ஓடி வந்தா.

“ஐயோ! உந்தத் தண்ணியை விடாதேங்கோ! அது குடிக்கிற தண்ணி இல்லை! மாப்பிள்ளை வீட்டாக்கள் சாப்பிடுறதல்லோ!”

பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் கையில் தேத்தண்ணிக் கோப்பை. அவர் என்னைப் பார்த்தார், பிறகு கோப்பைக்குள் பார்த்தார். சமையல்காரர் வாளித் தண்ணீரை என் வாழைக்கு ஊற்றிவிட்டு நீலக் கானை உடைத்தார். அக்கா என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தா. உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, போய்விட்டா.

கலியாண வீடு ஓய்ந்ததும் தலைவர் வீட்டுக்குப் போனேன்.

“ஐயா, நீங்களும் கேட்டனீங்கள்தானே?”

“கேட்டனான். கலியாண அவதியில சொன்ன கதையைப் பிடிச்சுக்கொண்டு விசாரணை வைக்கேலாது தங்கச்சி. அதோட உங்கட பிரச்சினை தீர்ந்துபோச்செண்டு கூட்டத்தில சொல்லியாச்சு.”

நான் அவரைத் திட்டினேன். நல்லாகத் திட்டினேன். அவருடைய மனைவி வந்து கதவடியில் நின்று கேட்கும் அளவுக்குத் திட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பொறுமைக்குப் பேர்போனவர். வேலியை மறுபடி கட்டினார்கள், பொட்டு இல்லாமல்.

கார்த்திகையில் மழை கொட்டியது. கிணறு வாய்வரை நிரம்பிக் குனிந்தால் கையால் அள்ளலாம் என்றாகிவிட்டது. ஒழுங்கை முழுக்கச் சேறு. தண்ணீர்க்காரன் வரவில்லை, கானில் ஒரு சொட்டும் இல்லை. பள்ளிக்கூடத்தால் வந்த என் கடைசி மகள் புத்தகப்பையோடு நேரே கிணற்றடிக்குப் போனாள். நான் குசினியிலிருந்து பார்த்தபோது குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போய் அடித்தேன். முதுகில், தோளில், கைபோன இடமெல்லாம் அடித்தேன். பிறந்த நாளிலிருந்து நான் அவளைத் தொட்டு அடித்ததில்லை. தலைவருக்கும் செயலாளருக்கும் சாத்திரியாருக்கும் விழவேண்டிய அடி எல்லாம் அந்தச் சின்ன முதுகில் விழுந்தது.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் கேட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

“ஏன் பிள்ளை, அந்தக் குஞ்சைப் போட்டு உந்த அடி அடிக்கிறாய்? என்ன செய்தவள்?”

“தண்ணி குடிச்சவள் அக்கா. எங்கட கிணத்தில.”

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கிச் சொன்னாள்.

“கொஞ்சம்தான் அம்மா குடிச்சனான். கொஞ்சம்தான்.”