இறங்கிய எண்ணிக்கை

சொந்தக்காரர் ரத்தத்தைச் சொந்தக்காரர் தொடக்கூடாது என்பது அந்த ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் எழுதாத சட்டம். அன்று காலை புருஷன் பெயர் ஒட்டிய குழாயை அவளே எடுத்துக்கொண்டாள்.

கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவன் அவன். சாரம் சரிந்து, தொடை நசுங்கி, மேல்மாடி வார்டில் கிடந்தான். புண்ணில் சீழ் வைத்ததும் வெள்ளை அணுக்கள் எகிறின. அதைக் கேட்டு அலறிய நாத்தனாரை இவள்தான் அடக்கியிருந்தாள்: "கிருமியோட சண்டை போட வந்திருக்கு அண்ணி. இறங்கிடுச்சுன்னா நல்ல சேதி."

இறங்கியிருந்தது. இயந்திரம் காட்டிய எண்ணைப் பார்த்து அவளுக்கே ஒரு நொடி வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் இவ்வளவா? ஒரு சொட்டைக் கண்ணாடியில் தேய்த்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் குனிந்தாள். முதிர்ந்த அணுக்களைத் தேட வேண்டியிருந்தது. இருந்ததெல்லாம் முதிராத பிஞ்சுகள். சண்டை ஓயவில்லை, ஆள்தான் தீர்ந்துபோயிருந்தது. இன்னொரு சொட்டு தேய்த்துப் பார்த்தாள். அதுவும் அப்படியே.

டாக்டருக்கு போன் போட்டாள்.

"சந்தேகப்பட்டேம்மா. மருந்தை மாத்தியாச்சு. இனிமே அவர் உடம்பு தாங்கணும்."

அவள் படியேறுவதற்குள் எண் வார்டுக்குப் போய்விட்டது. நாத்தனார் பக்கத்துக் கட்டிலுக்கு பிஸ்கட் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"இறங்கிருச்சாமே! என் தம்பிக்குக் கெட்டி உசிருன்னு சொன்னேன்ல?"

"அண்ணி, கொஞ்சம் வெளிய வாங்க."

"நல்ல சேதியை ஒளிஞ்சு நின்னா பேசுவாங்க?"

கட்டிலில் இருந்தவன் சிரிக்கப் பார்த்தான். "மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க? இறங்கினா நல்லதுன்னு நீதானே சொன்ன?"

அவன் கையைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது. "பேசாம படுங்க" என்றாள்.

வராந்தாவில் சொல்லி முடித்தபோது நாத்தனார் கையில் பிஸ்கட் பொட்டலம் நசுங்கியது.

"அப்ப ஏத்துடி. அங்கதானே வேலை பார்க்கிற? எதையாவது பண்ணி ஏத்து."

"என்னால எண்ணத்தான் முடியும் அண்ணி."

"எண்ணி?"



உள்ளேயிருந்து குரல் வந்தது. "அக்கா, என்னை விட்டுட்டு அங்க என்ன ரகசியம்?"

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள் நாத்தனார். "நீ போ முதல்ல" என்றாள்.

"நீங்க போங்க அண்ணி."

இருவரும் கதவருகிலேயே நின்றார்கள்.