சரளா அக்காவின் சன்மானம்

டின்னைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார் சரளா அக்கா. உள்ளே சலசலவென்று கேட்டதும் மூடியைத் திறந்து, இன்னொரு செய்தித்தாளைக் கசக்கித் திணித்துவிட்டு மறுபடி குலுக்கினார். சத்தமே வரக் கூடாது. வந்தால் அச்சு முறுக்கு போலந்து போய்ச் சேருவதற்குள் மாவாகிவிடும். ஈப்போ தபால் நிலையத்தில் வரிசையில் நின்றவர்கள் யாரும் இதைத் திரும்பிப் பார்க்கவில்லை. முகப்பிலிருந்த மலாய்ப் பெண் கேட்காமலே தராசை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அக்கா ஈப்போவின் சிலிபின் பகுதியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். ஐம்பதைத் தாண்டிய வயது. பகலில் ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் குமாஸ்தா. அவரை நார்வேயிலும் பிரேசிலிலும் ஆட்களுக்குத் தெரியும் என்று சொன்னால் எங்கள் தெருவில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். தங்கை கல்யாணத்தில் ரசம் தீர்ந்துபோய், சம்பந்தி வீட்டார் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த அவமானத்தில் அக்கா ஒரு மென்பொருள் எழுதினார். பெயர் 'பந்தி'. எத்தனை பேர், மதியமா இரவா, சைவமா அசைவமா என்று சொன்னால், அரிசியிலிருந்து அப்பளம் வரை எவ்வளவு வாங்க வேண்டும் என்று அது சொல்லிவிடும். அதைப் பூட்டி வைக்காமல், யார் வேண்டுமானாலும் உள்ளே பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம், திருத்தி அனுப்பலாம் என்று இணையத்தில் திறந்து போட்டார். தேவாலய விருந்துக்காரர்களும் காற்பந்துக் கழகங்களும் எடுத்துக்கொண்டார்கள். நார்வேயின் வடக்கே ஒரு மீன்பிடி ஊரிலிருந்து ஹென்ரிக் என்ற மனிதர், காசு பணம் எதுவும் கேட்காமல், பாதி மென்பொருளையே செப்பனிட்டுக் கொடுத்தார்.

அங்கேதான் அக்காவுக்கு உறுத்தியது. சுங்காய் ஊர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர். அங்கே கல்யாண வீட்டில் வெங்காயம் உரித்தவர் யாரும் வெறுங்கையோடு வீடு திரும்பியதில்லை. குறைந்தது ஒரு பொட்டலமாவது கையில் இருக்கும். "வேலைய வாங்கிட்டு சும்மா அனுப்புனா நம்மளுக்கு நல்லாவா இருக்கும் லா?" என்பார். ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு டின் அச்சு முறுக்கு என்று அறிவித்தார். காம்பாரில் கணினி கற்பிக்கும் அனுஜா இந்தத் திட்டத்தின் இன்னொரு பொறுப்பாளர். வேண்டாம், வரக்கூடாதவர்கள் எல்லாம் வருவார்கள் என்று அவர் தடுத்துப் பார்த்தார். அக்கா அதற்குள் முட்டை உடைத்து ஊற்றி மாவு கரைத்துவிட்டார்.

முறுக்கோடு நிறுத்தியிருக்கலாம். ஹென்ரிக்குக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று தோன்றிவிட்டது. சிலிபின் மண்டபத்தில் விழா நடந்தது, நானும் போயிருந்தேன். மேடையில் பெரிய தொலைக்காட்சி. அதில் கோட்டும் டையுமாக ஹென்ரிக்; அவருக்குப் பின்னால் பனி. கோயில் தலைவர் தொலைக்காட்சியின் நெற்றியில் சந்தனம் வைத்து, மாலை போட்டு, பொன்னாடையை மரியாதையாகப் போர்த்தினார். ஹென்ரிக் முழுவதுமாக மறைந்துபோனார். மேலே வைத்திருந்த கேமராவும் துணிக்குள் போய்விட்டதால், அவருக்கும் எங்களைத் தெரியவில்லை. எல்லாம் மஞ்சளாகத் தெரிந்ததாகப் பிறகு சொன்னார். சடங்கே இப்படித்தான் போலும் என்று எண்ணி, துணிக்குள்ளிருந்தே நன்றியுரை ஆற்றினார். நாங்கள் பொன்னாடையைப் பார்த்துக் கைதட்டினோம். அதை எடுத்துவிடலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, போர்த்தியதை உடனே உருவினால் அபசகுனம் என்று தலைவர் சொல்லிவிட்டார்.

விழாப் படம் இணையத்தில் பரவியது. கூடவே முறுக்குச் செய்தியும் பரவியது. திருத்தங்கள் வந்து குவிந்தன. ஒருவர் ஒரு காற்புள்ளியை எடுப்பார். அடுத்த வாரம் இன்னொருவர் அதையே திரும்ப வைப்பார். இருவருக்கும் டின் போகும். அக்காவின் கணவர் சுகுமாரன், ஓய்வு பெற்றதும் மீன் பிடிக்கப் போகலாம் என்று இருந்தவர், அச்சும் கையுமாக அடுப்படியில் நின்றார். விரல் நுனியெல்லாம் கொப்பளம். பக்கத்து வீட்டுக்காரர்கள் துணி காயப்போடுவதை விட்டுவிட்டார்கள், சட்டை எல்லாம் எண்ணெய் வாடை. ஏன் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறீர்கள் என்று நான் கேட்டேன். "வாசல் வரைக்கும் வந்தவன எப்படி திருப்பி அனுப்புறது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். மாவுக் கையோடு முழங்கையால் கணினியின் ஏற்பு விசையைத் தட்டுவதை நானே பார்த்திருக்கிறேன்.

அப்படித் தட்டியதில் ஒன்று போலந்திலிருந்து வந்தது. அனுப்பியவர் தடேயுஸ், ஓய்வு பெற்ற பல் வைத்தியர். முறுக்கில் மனதைப் பறிகொடுத்தவர். தேங்காய்க் கணக்கில் 'தலைக்கு 0.2' என்று இருந்ததைப் பார்த்து, முன்னால் நிற்கும் பூச்சியமும் புள்ளியும் அழகைக் கெடுப்பதாக நினைத்து, இரண்டையும் எடுத்துவிட்டார்.

மறு வாரம் சுங்காயில், அக்கா வளர்ந்த தோட்டத்துப் பெண் ஷர்மினியின் கல்யாணம். அவள் அப்பா மாயாண்டி, 'பந்தி' சொன்னபடியே எல்லாவற்றுக்கும் சொல்லி வைத்திருந்தார். தேங்காய் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்ததாம். ஆனால் கம்ப்யூட்டருக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டார். கல்யாணத்துக்கு முதல் நாள் காலை அக்காவுக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. குரலில் கோபமே இல்லை என்பதுதான் அக்காவைப் பயமுறுத்தியது. "தங்கச்சி, லோரி நிக்குது. எறக்கவா, வேணாமா?"

அக்காவும் அனுஜாவும் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்து வாசலில் தேங்காய் மலை. மணமேடைக்குப் போகும் வழி அடைபட்டிருந்தது. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். தேங்காயைச் சுற்றி நின்றவர்கள் அக்காவைப் பார்த்த பார்வையில், தங்கை கல்யாணத்து இலைகள் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். குவியலை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு தாம்பூலப் பைகளைக் கொண்டுவரச் சொன்னார். மறுநாள் வந்த பெரியவர்களுக்கு ஆளுக்கு இரண்டு தேங்காய். பைகள் கிழிந்துகொண்டே இருந்தன. மாப்பிள்ளையின் தாய்மாமன் மொய் எழுதிவிட்டு, இரண்டு கக்கத்திலும் தேங்காயை இடுக்கிக்கொண்டு படத்துக்கு நின்றார். ஆல்பத்தில் இருக்கிறது. பந்தியில் ஒன்றும் குறையவில்லை, ரசம் மீந்தது. பெண் வீட்டார் தாராள மனசுக்காரர்கள் என்று சுங்காயில் பேச்சு.

திரும்பும் வழியில் காரில் அனுஜா, ஹென்ரிக் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினார். அவருக்கு முட்டை ஆகாது. அச்சு முறுக்கை அவர் ஒரு தடவைகூடத் தின்றதில்லை. அனுப்பிய டின்களையெல்லாம் திறக்காமல் படகுக் கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறார். அக்கா அதிர்ந்துபோய், வேறு என்ன அனுப்பலாம், முட்டையில்லாமல் ஓமப்பொடி பிழியட்டுமா என்று கேட்டார்.

"அக்கா, அவருக்கு என்ன வேணுமெண்டு ஒருக்காவது கேட்டீங்களா?" என்றார் அனுஜா.

ஹென்ரிக்கிடம் அதைக் கேட்டவர் அனுஜாதான். பதிலும் வந்திருந்தது. இரண்டு மாதமாக மூன்று கேள்விகள் அனுப்பியிருக்கிறேன், யாராவது பதில் சொன்னால் போதும் என்று ஹென்ரிக் எழுதியிருந்தார். அதில் கடைசியாகப் போன வாரம் அனுப்பியது, தேங்காய்க் கணக்கில் புள்ளி எங்கே போயிற்று என்பது.

அந்தக் கேள்விகளை இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார் அக்கா. பிறகு சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "நா எண்ணெய்ச் சட்டிகிட்ட நின்னுகிட்டு இருந்துட்டேன். அந்த மனுஷன் வாசல்ல நின்னு கூப்புட்டுகிட்டே இருந்திருக்காரு."

முறுக்கு நின்றுவிட்டது. சுகுமாரன் மீன் பிடிக்கப் போகிறார். வேலை விட்டு வந்ததும் அக்கா கணினி முன் உட்கார்ந்து கேட்டவர்களுக்கெல்லாம் பதில் எழுதுகிறார். ஹென்ரிக்குக்கு எழுதும் பதில்கள் நீளமானவை. புளியில் எத்தனை வகை என்று இப்போது நார்வேயில் ஒருவருக்குத் தெரியும். காற்புள்ளிக்காரர்கள் கலைந்து போனார்கள். தடேயுஸ் மட்டும் போகவில்லை. டின் கிடையாது என்று தெரிந்தும் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.

போன சனிக்கிழமை மாலை ஒரு தகவல் கேட்க அக்கா வீட்டுக்குப் போனேன். தடேயுஸிடமிருந்து புதிதாக ஒன்று வந்திருந்தது. பல்லின் நலன் கருதிப் பாயசத்துக்குச் சர்க்கரையே வேண்டாம் என்று திருத்தியிருந்தார். அதை ஏற்க முடியாது என்று அக்காவுக்கும் தெரியும். வந்தவரை மறுப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. திரையில் மறுப்பு விசையின் மேல் மவுஸின் அம்பைக் கொண்டுபோய் நிறுத்தினார். எடுத்தார். மறுபடி நிறுத்தினார். பிறகு ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதி அனுப்பினார்: சாப்பிட்டீர்களா?

போலந்தில் அப்போது காலை நேரம். உடனே பதில் வந்தது. இன்னும் இல்லை, இப்போதுதான் ரொட்டியை எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்கா மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று திரையைப் பார்த்தபடி காத்திருந்தார்.