மதகு திறந்த அன்று பேரூலால்

உதய்பூருக்கு வேலையில் சேர வந்த அன்று, ரயிலடியில் என் பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்தவர் பேரூலால் காமேத்தி. என்ன படித்திருக்கிறேன் என்று கேட்டார். வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான் என்றதும் வண்டியை ஓரம்கட்டி ஒரு கச்சோரி வாங்கித் தந்தார். அன்றிலிருந்து பழக்கம்.

வெளியூர்க்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது அவர் பிழைப்பு. காலையில் அரண்மனை, நடை சாத்துவதற்குள் ஜகதீஷ் கோயில், வெயில் தாழ்ந்ததும் ஏரி. இருபத்தாறு வருஷமாக இதே வரிசைதான். ஏரி வற்றிய வருஷம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். அதனால் மழைக்காலம் பிறந்ததும் சன்னதியில் தேங்காய் வைத்து, ஏரி நிறையணும் என்று வேண்டிக்கொள்வார். வீட்டில் மட்டும் அதைச் சொல்வதில்லை. வீடு ஆயட் ஆற்றங்கரையில். ஏரி நிறைந்தால் மதகைத் திறப்பார்கள். அந்தத் தண்ணீர் இறங்குவது அந்த ஆற்றில்தான். அவர் மனைவி லெஹரிக்கு இது தெரியாமலா இருக்கும்? "தேங்காய் மூடியை எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்று கேட்பாள்.

போன வருஷம் விடாமல் அடித்த மழை. லெஹரி வாசலில் வழுக்கி விழுந்து, கால் முழுக்க மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தாள். அன்று ராஜ்கோட்டிலிருந்து வந்த தன்சுக்பாய் குடும்பம் பேரூலாலின் வண்டியில். அரண்மனை வாசலில் காத்திருந்தபோதுதான் நாலு மணிக்கு ஃபதே சாகர் ஏரியின் மதகைத் திறக்கப்போகிறார்கள் என்று காதில் விழுந்தது. லெஹரியை மேட்டுக்குத் தூக்கிப் போகச் சொல்லலாம் என்று பக்கத்து வீட்டு நாத்துவுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. தன்சுக்பாயிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் நல்ல மனுஷன். தங்களை ஏரிக்கரையில் இறக்கிவிட்டு உடனே கிளம்பச் சொன்னார்.

இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஊரே பின்னால் வந்து நின்றிருந்தது. மதகு திறப்பதென்றால் அங்கே கல்யாணம் மாதிரி. குழந்தைகுட்டிகளோடு, பூவும் தேங்காயுமாக, சுட்ட சோளக்கதிரைக் கடித்தபடி வந்து கொண்டே இருந்தார்கள். ஆட்டோவை முன்னாலும் நகர்த்த முடியவில்லை, பின்னாலும் நகர்த்த முடியவில்லை. சங்கு ஊதியது. தண்ணீர் பாய்ந்த சத்தத்தில் கரை அதிர்ந்தது. யாரோ ஒரு அம்மாள் பேரூலாலின் வாயில் பர்ஃபியைத் திணித்துவிட்டுப் போனாள். அதை மென்று கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. லெஹரி.

"தண்ணி வாசல்படிக்கு வந்துடுச்சு. நீங்க எங்க இருக்கீங்க?"

"ஏரிக்கரையில மாட்டிக்கிட்டேன்."

"நல்லா பாத்துட்டு வாங்க. ஊரே பாக்குதுல்ல." வைத்துவிட்டாள்.

சாவியைத் தன்சுக்பாய் கையில் கொடுத்துவிட்டு ஓடினார். ஐம்பத்தெட்டு வயசில் எவ்வளவுதான் ஓட முடியும்? பாலத்தை எட்டியபோது மூச்சு வாங்கியது. பாலத்தின் மேலேயே தண்ணீர் ஏறியிருந்ததால் குறுக்கே கயிறு கட்டிப் போலீஸ்காரர் ஒருவர் நின்றார்.

"வேடிக்கை பாக்க வந்தவங்க பின்னாடி போங்கய்யா."

"வேடிக்கை பாக்க வரலை ஐயா. அதோ, அது என் வீடு. என் சம்சாரம் எழுந்து நடக்க முடியாதவ."

"கயிறு கட்டினதுலேருந்து அம்பது பேர் இதையேதான் சொல்றாங்க. உங்களை விட்டா அடுத்த நிமிஷம் உங்களையும் நான்தான் தேடணும்."

அவர் சொன்னதும் நிஜம்தான். பேரூலால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைச் சுற்றி எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எதிர்க்கரையில் நாத்துவும் இன்னும் மூன்று பேரும் இடுப்பளவு தண்ணீரில் ஒரு கட்டிலைத் தோளில் சுமந்து மேடேறுவது தெரிந்தது. கட்டிலில் வெள்ளைக் கட்டுப் போட்ட கால். அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஆற்றுச் சத்தத்தில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. லெஹரி திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் வீட்டின் ஆற்றுப்பக்கத்து மண்சுவர் ஊறிச் சரிந்தது. பின்னாலேயே கூரை உட்கார்ந்தது. சோளக் குதிர் மிதந்து போனதை அவர் கடைசிவரை பார்த்தார். பக்கத்தில் நின்ற பையன், "அது யார் வீடு, பெரியப்பா?" என்று கேட்டான்.

தண்ணீர் வடிந்து பாலத்தைத் திறக்க மறுநாள் மத்தியானம் ஆனது. அதுவரை அவர் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றார்.

அந்த இடத்தில் மறுபடி வீடு கட்டக்கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். இப்போது இருவரும் பேத்லா சாலையில் வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையில் இருக்கிறார்கள். லெஹரிக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது, கால் இன்னும் மடங்கவில்லை. பேரூலால் இன்றும் அதே வரிசையில் ஆட்டோதான் ஓட்டுகிறார்.