அன்னாசி அரித்த நாக்கு

மெர்டேக்கா என்று மலாய்க்காரர்கள் சொல்லும் சுதந்திரம் நாட்டுக்குக் கிடைத்த மறு வருடம், காஜா பெராங் வட்டாரத்தில் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். நான் ஓர் அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்தர். ஒரு நாள் காலை என் மனைவி வாய் கொப்பளித்துத் துப்பியதைப் பார்த்தேன். சிமெண்டுத் தரையில் தண்ணீர் சிவப்பாக ஓடியது.

என் அண்ணன் காசநோயில் இறந்தவர். அவருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

"எத்தனை நாளா?" என்றேன்.

"பல் ஈறுல காயம்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் நம்பவில்லை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, மூன்று சக்கரத் திரிஷா வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அவள் கைக்குட்டையை வாயிலிருந்து எடுக்கவேயில்லை.

அங்கே மிஸ்ஸி என்று அழைக்கப்படும் தமிழ் நர்ஸ் ஒருவர் அவளை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். நாக்கு தோலுரிந்து, ஓரமெல்லாம் வெடித்திருந்தது.

"அன்னாசி சாப்பிட்டீங்களா அக்கா?"

அவள் தலையாட்டினாள்.

"நிறையவா?"

"தினமும். பழுக்காத காயா வாங்கி."

மிஸ்ஸி என் பக்கம் திரும்பினார். "பயப்படாதீங்க, சார். அன்னாசியில இறைச்சியையே கரைக்கிற சத்து ஒண்ணு இருக்கு. நாக்கும் சதைதானே. அளவுக்கு மீறினா அரிச்சிடும்." அதற்கு நொதி என்று பெயர் என்பதைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன்.

உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

மிஸ்ஸி குரலைத் தாழ்த்தி அவளிடம் கேட்டார்: "எத்தனை மாசம்?"

"மூணு."

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அன்னாசி தின்றால் கரு கலையும் என்று ஊரில் பேசிக்கொள்வது எனக்கும் தெரியும். எங்கள் முதல் குழந்தை வீட்டில் பிறக்கும்போதே இறந்துவிட்டது. அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை. மனதைத் தேற்றிக்கொண்டாள் என்று நினைத்திருந்தேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"போன தடவை நான் பட்டது உங்களுக்குத் தெரியாது," என்றாள். பேசும்போது நாக்கு எரிந்திருக்க வேண்டும், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். "நீங்க வெளிய நின்னீங்க. இன்னொரு தடவை நான் பொழைக்க மாட்டேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. ஒரே கூரையின் கீழ், எதிரே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டு, சாவுக்குப் பயந்தவள் ஒருத்தியை நான் பார்க்காமலே இருந்திருக்கிறேன். அது என்னை உலுக்கிவிட்டது.

மிஸ்ஸி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தச் சத்து வயித்துக்குள்ள போனதும் செரிச்சிடும், அக்கா. பிள்ளை வரைக்கும் போகாது. உங்க வாய்தான் புண்ணாகும். பிரசவத்துக்கு இங்க வந்திடுங்க. டாக்டர் இருப்பார்."

"நான் பொழைப்பேனா?" என்று அவள் மிஸ்ஸியிடம் கேட்டாள். அவள் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

புண் ஆறும் வரை கஞ்சி காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தேன். மாதா மாதம் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலமாக வீடு வந்தார்கள்.