கிழக்குக் கிளை மட்டும் மிச்சம்

குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்து குளச்சலில் தங்கை வீட்டுக்குப் போனபோது, அவள் கைபேசியில் யாரோ ஒரு பெண்ணின் குரல்பதிவு வந்திருந்தது. அமெரிக்கா போவதற்காகக் குவாத்தமாலா வழியே மெக்சிகோவுக்கு நடந்துகொண்டிருந்த தங்கை மகனிடமிருந்து சாம்பல் புதனுக்குப் பிறகு, ஒரு மாதத்துக்கு மேலாக, ஒரு சேதியும் இல்லை. பதிவில் அவன் பெயர் கேட்டது. மற்றது எதுவும் விளங்கவில்லை. திரும்ப அழைத்தால் அந்த எண் வேலை செய்யவில்லை.

எங்கள் பங்கிலிருந்து மெக்சிகோவுக்குப் போன கன்னியாஸ்திரி ஒருவருக்கு அதை அனுப்பினோம். ஸ்பானியம் இல்லை, ஏதோ மாயன் மொழி என்றார். அவருடைய மடத்தில் சமைப்பவர் யுகத்தான் பக்கத்து மாயன் பேசுபவராம். அவரிடம் போட்டுக்காட்டுகிறேன் என்றார்.

தங்கைக்கு உயிர் வந்தது. "பக்கத்து எடம்தானண்ணே. களியக்காவெளைக்கு அங்கோட்டு பேசுகது நமக்கு வெளங்காமலா இருக்கு? அதுபோலத்தான் இருக்கும்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. கேரள எல்லையில் வாழ்கிற எங்களுக்கு அண்டை மொழி என்றாலே பாதி சொந்த மொழி.

சமையல்காரருக்குப் பிடிபட்டது ஒரே சொல்: தண்ணீர்.

"தண்ணி குடுத்தாளா, தண்ணில போனானா?" என்றாள் தங்கை. கடலுக்குக் கணவனைக் கொடுத்தவள்.

அதன்பிறகுதான், மாயன் என்பது ஏறக்குறைய முப்பது மொழிகள் கொண்ட குடும்பம் என்று படித்தேன். வடகோடியில் பேசும் வாஸ்தேக் முதலில் பிரிந்தது. அடுத்து யுகத்தான் கிளை. மிஞ்சியது மேற்கு, கிழக்கு என்று பிளந்தது. சமையல்காரருக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவே தமிழுக்கும் தெலுங்குக்கும் உள்ள தூரம் இருக்கலாம். தண்ணீர் போன்ற சில பழஞ்சொற்கள்தான் கிளை தாண்டியும் ஒத்துப்போகின்றன. சில மொழிகள் எந்தக் கிளையைச் சேர்ந்தவை என்பதில் அறிஞர்களுக்கே தகராறு. அதைப் படித்தபோது புத்தகத்தின்மேல் ஆத்திரம் வந்தது.

கிளை கிளையாக எழுதிக் கன்னியாஸ்திரிக்கு அனுப்பினேன். மேற்குக் கிளையில் செல்தால் பேசுபவரும் சோல் பேசுபவரும் கேட்டுவிட்டுக் கைவிரித்தார்கள். மிச்சம் கிழக்கு. குவாத்தமாலா எல்லையோரம் அந்தக் கிளையின் மாம் மொழி பேசுகிறார்கள். அவன் கடக்க வேண்டிய இடம். மாம் தெரிந்த ஒரு செவிலியைக் கன்னியாஸ்திரி கண்டுபிடித்தார்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள் தங்கை சொன்னாள்: "இனி ஆருக்கும் அனுப்பாண்டாம்ணே. வெளங்காதவரைக்கும் அவன் நடந்துட்டுத்தானே இருக்கான்."

தலையாட்டினேன். செவிலிக்குப் பதிவு காலையிலேயே போய்விட்டிருந்தது.

இரவு கன்னியாஸ்திரியின் பதில் வந்தது: "மாம் மொழிதான். அவன் அம்மா பக்கத்தில் யாராவது இருக்கிறீர்களா என்று செவிலி கேட்கிறார்."