கழுத்தில் கத்தரிக்கோல்

பொத்தானைத் தைத்து முடிச்சுப் போட்டதும் நூல் நேராக என் தம்பியின் வாய்க்குப் போகிறது. "டேய், வாய்!" என்று கத்துகிறேன். வீங்கிய கன்னத்தோடு திரும்பி, யாரோ செய்த தப்புக்கு அவனைத் திட்டுவதுபோல் என்னைப் பார்க்கிறான்.

அவன் தையல்காரன். கடையில் அவனுக்குப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுப்பது நான். அவனுக்கு வாய்தான் மூன்றாவது கை. நூலைச் சப்பி நனைத்து ஊசியில் கோப்பான். குண்டூசிகளை உதட்டில் இடுக்கிக்கொண்டே வாடிக்கையாளரிடம் பேசுவான். தைத்து முடித்த நூலைக் கடைவாயில் வைத்து நறுக்கென்று கடிப்பான். கத்தரிக்கோல் மேசையில் சும்மா கிடக்கும். "அதைத் தேடி எடுக்கிற நேரத்துல இன்னொரு பொத்தான் தைச்சிடலாம்க்கா."

அந்தக் கடைவாயில்தான் போன வாரம் ஈறைக் கீறி ஞானப்பல்லை எடுத்தார்கள். பல் டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்: குழியை மூடி உறைந்திருக்கிற ரத்தம் பெயரக் கூடாது, உறிஞ்சாதே, துப்பாதே, பெயர்ந்தால் வலி உயிரை வாங்கிவிடும். மரப்பு விடும் முன்பே மாத்திரையைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். இவன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "வலி வரட்டும், பாத்துக்கலாம்."

வந்தது. "அக்கா, செத்தேன்" என்று சுவரில் சாய்ந்துவிட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாத்திரை கொடுத்து, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்தில் வைத்தேன். கொஞ்சம் அடங்கியதும் எழுந்துபோய் நூலைச் சப்பினான்! உறைந்தது பெயர்ந்து, காது வரை குடைச்சல். டாக்டர் மறுபடி கழுவி, குழியில் மருந்து வைத்து அடைத்தார். "இன்னொரு தடவை இப்படின்னா என்கிட்ட வராதீங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பல் அவனுடையது, திட்டு எனக்கு.

அதனால் இன்று கத்தரிக்கோலில் நாடா கட்டி அவன் கழுத்திலேயே மாட்டிவிட்டேன். என் கண்முன்னால் மாத்திரையை விழுங்க வைத்தேன். குண்டூசி டப்பா என் மடியில். எனக்கு வேறு வேலையே இல்லை பாருங்கள்!

"நீ என்ன போலீஸா?" என்று முனகுகிறான்.

"அக்காடா. அதைவிட மோசம்."

கடைசிப் பொத்தான். முடிச்சு விழுகிறது. வாயை நோக்கிப் போன நூல் பாதி வழியில் நிற்கிறது. அப்பாடா, ஒரு வழியாகப் புத்தி வந்துவிட்டது என்று நினைக்கிறேன். கழுத்தில் தொங்கும் கத்தரிக்கோலை அவன் தொடவே இல்லை. தைத்த சட்டையோடு நகர்ந்து வந்து, நூலை என் வாய்க்கு நேராக நீட்டுகிறான்.