குச்சியில் ஏறிய எண்ணெய்

என் கொழுந்தன் காலையில் டிராக்டரைக் கிளப்ப அரை மணி நேரம் எடுத்துக்கொள்வான். சாவியைத் திருகுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? மீதி நேரமெல்லாம் பார்ப்பதுதான். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சல் வரும்.

எங்களுடையது பழைய சின்ன டிராக்டர். சாக்கோட்டைப் பக்கம் ஒருவர் தோப்புக்குள் ஓட்டிக்கொண்டிருந்ததை விலைக்கு வாங்கினோம். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறார். வாங்கச் சொன்னது அவர், பார்த்து வாங்கியது நான், ஓட்டுவது அவருடைய தம்பி. ஓடிய மணியைக் காட்டும் மீட்டர் எப்போதோ நின்றுவிட்டது. அசல் பெயின்ட் என்ன நிறம் என்று ஊரில் இரண்டு கட்சி உண்டு.

கொழுந்தன் முன்பு கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்ததில் தோள்பட்டை போய்விட்டது. கையைத் தலைக்கு மேல் தூக்க வராது. அதனால் டிராக்டருக்கு வந்தான். ஆனால் கொத்தனார் புத்தி போகவில்லை. டிராக்டர் நிற்கும் கொட்டகைக்குத் தரை போட்டபோது ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை இழுத்து இழுத்துப் பூசினான். சாய்வில் நிறுத்தி இன்ஜின் எண்ணெய் பார்த்தால் அளவுக் குச்சி பொய் சொல்லுமாம். நான் படுக்கிற அறைக்கே இவ்வளவு நல்ல தரை கிடையாது என்று கத்தினேன். அவன் காதில் வாங்கவில்லை.

முதலில் ஆயில் குச்சியை உருவுவான். பழைய வேட்டியில் கிழித்த வெள்ளைத் துணியால் துடைத்து, மறுபடி முழுக்க உள்ளே விட்டு எடுப்பான். கலர் துணி கொடுத்தால் வாங்கமாட்டான், வெள்ளையில்தான் எண்ணெயின் நிறம் தெரியும் என்பான். குச்சியில் இரண்டு கோடு இருக்கிறது. எண்ணெய் அந்த இரண்டுக்கும் நடுவில் நின்றால் போதாதா? போதாது. விரலில் தேய்ப்பான். முகர்ந்து பார்ப்பான். அப்புறம் ரேடியேட்டர் தண்ணீர், பேட்டரித் தண்ணீர். ஏர் கிளீனருக்கு அடியில் ஒரு கிண்ணம் உண்டு, அதைக் கழற்றி அதிலுள்ள எண்ணெயில் தூசி படிந்திருக்கிறதா என்று பார்ப்பான். கடைசியில் பின்னால் போய், கலப்பையைத் தூக்குகிற ஹைட்ராலிக் எண்ணெய். அதற்கு ஒரு குச்சி தனியாக.

பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று கேலி பேசுவார்.

"என்ன வைத்தியரே, நாடி புடிச்சாச்சா? புள்ள பொழைக்குமா?"

"இது பொழைச்சுக்கிரும்ணே. ஒங்க வண்டியத்தான் ஒருக்கா கூட்டிட்டு வாங்க. ரொம்ப இருமுது."

அவர் சிரிப்பார். நான் சிரிக்க மாட்டேன். வெயில் ஏறிக்கொண்டிருக்கும்.

எங்கள் நிலம் வானம் பார்த்த செம்மண், ஐந்து ஏக்கர். மழை பெய்து இரண்டு நாளுக்குள் உழுதால் கலப்பை இறங்கும். மூன்றாம் நாள் பாறை. ஆவணியில் ஒரு சாயங்காலம் நல்ல மழை பெய்தது. அந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் ஊரில் இல்லை. மாமனார் வீட்டுக்குப் போய் நான்கு நாளாகிவிட்டது. மச்சினன் பிள்ளைக்கு மறுநாள் பிள்ளையார்பட்டியில் காதுகுத்து.

விடிந்ததும் நானே கொட்டகைக்குப் போனேன். அவனைத் திட்டித் திட்டியே அவன் செய்வதெல்லாம் எனக்கு மனப்பாடமாகியிருந்தது. குச்சியை உருவினேன், துடைத்தேன், விட்டு எடுத்தேன். எண்ணெய் மேல் கோட்டையும் தாண்டி இரண்டு விரற்கடை உயரத்தில் நின்றது. சந்தோஷமாக இருந்தது. கொழுந்தனுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, நல்ல மழை. பக்கத்து வயல் டிரைவர ஏத்திக் கிளப்பிறட்டுமா?"

"எண்ணெ பாத்தீகளா மதினி?"

"பாத்தேன். எண்ணெ நெறஞ்சிருச்சு."

"ஐயையோ! தொடாதீக. சாவியக் கையில வச்சுக்கங்க. ஒருத்தரையும் ஏற விடாதீக. நான் வாரேன்."

போனை வைத்துவிட்டான். ஈரம் காய்கிறது, இவன் சாவியைப் பிடித்துக்கொண்டு நில் என்கிறான். அவன் பேச்சைத் தள்ளிவிட்டுக் கிளப்பியிருப்பேன். ஆனால் நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னிடம் ஒரு காரியத்தைச் செய்யாதே என்று அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. அதனால் நின்றேன்.

உச்சிக்கு முன்பே வந்துவிட்டான். நெற்றியில் விபூதி அழியவில்லை. பைக்கில் முன்னால் ஐந்து லிட்டர் இன்ஜின் ஆயில் கேன். வழியில் செக்காலையில் இறங்கி வாங்கியிருக்கிறான். வந்தவன் கேன் மூடியைத் திறந்து ஊற்றியிருக்கலாம். எண்ணெய் இல்லை என்று நம்பித்தான் அவ்வளவு தூரம் ஓடி வந்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இருந்தாலும் கேனைக் கீழே வைத்துவிட்டு முதலில் குச்சியை உருவினான். நான் பார்த்துச் சொன்னாலும், யார் பார்த்துச் சொன்னாலும், அவன் கண்ணால் பார்க்காமல் ஒரு சொட்டு ஊற்றமாட்டான்.

பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"மதினி, எண்ணெ நெறஞ்சிருச்சுன்னுதான சொன்னீக?"

"ஆமா. நெறஞ்சுதான இருக்கு. கண்ணு தெரியலயா?"

"தீந்துபோச்சுன்னுல்ல நான் ஓடியாந்தேன்!"

தப்பு என் வாயில்தான். எங்கள் வீடுகளில் அரிசி தீர்ந்தால் தீர்ந்தது என்று சொல்லமாட்டோம். இல்லை என்ற சொல் அடுப்படியில் வரக்கூடாது. அரிசி நெறஞ்சிருச்சு, உப்பு நெறஞ்சிருச்சு என்போம். பாத்திரம் காலியாக இருக்கும். "தம்பி, எண்ணெ நெறஞ்சிருச்சு, கடைக்குப் போயிட்டு வா" என்று நானே நூறு தடவை அவனை அனுப்பியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் அவன் காதில் அப்படி விழுந்திருக்கிறது.

"வாழ்க்கையில ஒரு தடவ உள்ளத உள்ளபடி சொல்லியிருக்கீக. அதயும் நான் நம்பல" என்று சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. மறுபடி குச்சியைப் பார்த்தான்.

"யாராச்சும் ஊத்துனாகளா?"

"யாரு ஊத்துவா?"

"நான் போறப்ப நடுவுல நின்னுச்சு. இப்ப எப்படிக் கூடும்? எண்ணெ குட்டி போடுமா?"

குச்சியை என் மூக்குக்கு நேரே நீட்டினான். டீசல் நாற்றம். எண்ணெய் நுனியில் தொங்காமல் தண்ணீர் மாதிரிச் சொட்டியது. ரேடியேட்டரைத் திறந்து பார்த்தான், தண்ணீர் குறையவில்லை. அப்படியானால் ஏறியது டீசல்தான் என்றான். டீசல் டேங்க் மேலே இருக்கிறது. இன்ஜினுக்கு டீசலைத் தள்ளுகிற சின்ன பம்ப் கீழே, இன்ஜினோடு ஒட்டியிருக்கிறது. அந்த பம்புக்குள் ஒரு ரப்பர் சவ்வு உண்டாம். அது கிழிந்தால் டீசல் சும்மா நிற்கும்போதே கசிந்து எண்ணெயோடு கலந்துவிடும். கழற்றிக் காட்டினான். சவ்வில் நகம் நுழைகிற அளவுக்குக் கிழிசல்.

"கிளப்பியிருந்தா?" என்றேன்.

"வழவழப்பு செத்த எண்ணெ. பேரிங்கெல்லாம் தின்னுருக்கும். இஞ்சினயே எறக்கணும்."

நிறைந்திருந்தால் நல்லது என்றே வளர்ந்தவள் நான். குறைந்தால்தான் கேடு என்று நினைத்தேன். கூடினாலும் கேடு என்று அந்தக் குச்சி காட்டியது. நான் சரியாகச் சொன்னதை அவன் தப்பாகப் புரிந்துகொண்டதால் இன்ஜின் பிழைத்தது. எனக்கு இப்போதும் அதை நினைத்தால் கோபமும் வருகிறது, மூச்சும் நிம்மதியாக வருகிறது.

கிழிந்த சவ்வை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் செக்காலைக்குப் போனேன். உதிரிபாகக் கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தன நாளு இதோட ஓட்டுனீக?"

"ஓட்டவே இல்ல."

"ஓட்டாமயா கண்டுபுடிச்சீக? இங்க வாரவுக எல்லாம் இஞ்சின் தட்டிச் சத்தம் போட்ட பெறகுதான் வருவாக. ஒங்க மெக்கானிக் யாரு?"

"மெக்கானிக் இல்ல. கொத்தனார்" என்றேன். அவர் நம்பவில்லை. புதுச் சவ்வும் ஃபில்டரும் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது பழைய எண்ணெயை முழுக்க வடித்து வைத்திருந்தான். சவ்வை மாற்றி, ஃபில்டரைப் பூட்டி, அவன் வாங்கி வந்த கேனிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். ஊற்றுவான், பொறுப்பான், குச்சியைப் பார்ப்பான். அன்றைக்கு வெள்ளைத் துணியை நானே எடுத்துக் கொடுத்தேன். சூரியன் சாய்ந்த பிறகுதான் வயலில் இறங்கினான். இருட்டுவதற்குள் ஒரு ஏக்கர் ஆனது.

மறுநாள்தான் ஈரத்தின் கடைசி நாள். விடியலில் தொடங்கினான். மத்தியானம் இன்னும் ஒன்றரை ஏக்கர் பாக்கி இருக்கும்போது வண்டி நின்றது. சத்தம் நின்றதும் நான் வரப்பில் ஓடினேன். மேடில்லாத இடமாகப் பார்த்து நிறுத்தி, குச்சியை வெள்ளைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஈரம் போகுதுடா! இப்பத்தான் பாக்கணுமா?"

"புதுச் சவ்வு மதினி. ஒக்காந்துருச்சான்னு பாக்கணும்ல. கத்துறதுன்னா கத்துங்க, நான் பாத்துக்கிட்டே கேட்டுக்கிறேன்."

கத்தினேன். அவன் பார்த்தான். எண்ணெய் காலையில் நின்ற இடத்திலேயே நின்றது.

மேட்டுப் பக்கம் அரை ஏக்கர் கிடைக்கவில்லை. சாயங்காலம் கலப்பை அங்கே மண்ணைக் கீறியதே தவிர இறங்கவில்லை, கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. அவன் கலப்பையைத் தூக்கிவிட்டு இறங்கினான். எனக்கு அந்த அரை ஏக்கர் இன்றைக்கும் உறுத்தும். ஆனால் நாலரை ஏக்கரில் விதை விழுந்தது. பன்னிரண்டாம் நாள் மறு மழை பெய்தது. மறுநாள் காலை அதே வண்டியைக் கொண்டு போய் மேட்டையும் உழுது முடித்தான்.